ஜோடி மாத்திரை

மே 6, திங்கள்

என் அம்மாவின் சிறுநீரகங்களைக் கெடுத்தவர்கள் உப்பளத்தில் ஒரு கக்கூஸ் கட்டித் தராதவர்கள். இதில் ஆராய்ச்சி செய்ய ஒன்றுமில்லை. ஒதுங்க இடம் இல்லை, அதனால் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. தண்ணீர் குடிக்காமல் இருபது வருஷம் பாத்தியில் நின்றால் யாருடைய சிறுநீரகமும் சுருங்கும்.

ஆனாலும் ஆராய்ச்சி நடக்கிறது. நானும் அதில்தான் வேலை பார்க்கிறேன். தினமும் களக் குறிப்பு எழுத, மேற்பார்வையாளர் பெனிட்டா மேடம் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறார். அதில் எழுத முடியாததை எழுத இந்த நோட்டு.

ஒரு புதிய மாத்திரை. சிறுநீரகத்தில் தழும்பு விழுவதை அது மட்டுப்படுத்தும் என்று முதலில் எலியிலும் பிறகு வெளிநாட்டில் சில நூறு பேரிடமும் பார்த்திருக்கிறார்கள். இன்னும் எந்தக் கடையிலும் கிடையாது. எங்கள் தூத்துக்குடி மையத்தில் 212 பேர் சாப்பிடுகிறார்கள், முக்கால்வாசி உப்பளத்து ஆட்கள். ஆளுக்கு ஒரு எண், அந்த எண் ஒட்டிய வெள்ளை பாட்டில். நான் மாதம் ஒருமுறை வீடு வீடாகப் போய் மீதி மாத்திரையை எண்ணி, காலை அழுத்தி வீக்கம் பார்த்து, புது பாட்டில் கொடுத்து வர வேண்டும். விலங்கியல் படித்ததற்கு இது கிடைத்தது.

அம்மா செல்லக்கனி 117. அம்மாவின் ஜோடி தங்கப்புஷ்பம் சித்தி 118.

சித்தி என்றால் ரத்த உறவு இல்லை. உப்பு சுமப்பதில் தனியாள் கிடையாது. ஈர உப்பு நிறைந்த கூடையைத் தன் தலைக்குத் தானே ஏற்ற முடியாது. ஒருத்தி தூக்கிவிட வேண்டும், மற்றவள் சுமந்துபோய் அம்பாரத்தில் கொட்ட வேண்டும். அடுத்த நடை மாற்றி. நடையும் பாதி, உட்காருவதும் பாதி. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் அவள் நடையையும் மற்றவள் நடப்பாள். இவர்கள் பதினேழு வருஷ ஜோடி. ஒருத்தியை ஒருத்தி மைனி என்றுதான் கூப்பிடுவாள்.

இன்று ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்றாமல் ரத்தத்தில் தங்கும் கழிவு, அம்மாவுக்கு 1.9. சித்திக்கு 2.0. பத்து மாதத்துக்கு முன்னால் சேர்த்தபோது 1.8, 1.7. இரண்டு பேருக்கும் ஏறியிருக்கிறது, ஆனால் மெதுவாக. பக்கத்துத் தெரு ஆட்கள் சிலருக்கு 3 தாண்டிவிட்டது.

மெதுவாக என்பது எங்கள் வீட்டில் இப்போது நல்ல செய்தி.

மே 9

தண்ணீர் லாரி வரவில்லை. ரேஷனில் பருப்பு இல்லை. அம்மா வேலைக்குப் போனாள்.

மே 14, செவ்வாய்

சித்தி வீட்டுக்கு மாத்திரை எண்ணப் போனேன். அம்மாவும் அங்கே இருந்தாள். பாட்டிலைக் கேட்டேன். சித்தி ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்து வைத்தாள். திறந்தால் மாத்திரைகள் குவியலாகக் கிடந்தன.

"பாட்டில் எங்க சித்தி?"

"பாட்டில் ரெண்டும் அங்கன கெடக்கு. ஊறுகா போட்டு வச்சிருக்கேன்."

"ரெண்டுமா?"

"ஒங்கம்மைக்குள்ளதும் எனக்குள்ளதும். ரெண்டையும் இதுல கொட்டி, காலைல அவளுக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணு. என்னட்டி முழிக்க?"

எத்தனை மாதமாக என்று கேட்டேன். ஆடி முடிந்ததிலிருந்து என்றாள். நான் எண்ண வரும் நாளில் மட்டும் பாட்டிலில் பிரித்துப் போட்டு வைப்பாளாம், இந்த மாதம் பாட்டிலில் ஊறுகாய். அதாவது, சேர்ந்த இரண்டாவது மாதத்திலிருந்து.

அம்மா சொன்னாள்: "மைனிக்கு மூஞ்சி வீக்கம் வத்திட்டு. எனக்கு அப்படியே கெடந்துச்சு. எம் பாட்டில்ல உள்ளது வீரியம் கொறைஞ்சதுபோல இருக்குன்னு சொன்னேன். அவதான் எடுத்துக் கொட்டுனா."

"நல்ல மாத்திரை ஒருத்திக்கும் நொள்ள மாத்திரை ஒருத்திக்கும்னா அது எந்த ஊரு நியாயம்?" என்றாள் சித்தி. "எது வந்தாலும் பாதி. கூடைல கல்லு கெடந்தாலும் பாதிதான் நாங்க."

இரண்டு பெண்களும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். முகத்தையும் காலையும் பார்த்தே, பாட்டிலுக்குப் பாட்டில் வித்தியாசம் உண்டு என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆம், உண்டு. பாதிப் பேருக்குக் கொடுப்பது மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. அலுவலகத்தில் டம்மி என்பார்கள். யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. இரண்டையும் ஒப்பிட்டால்தான் மருந்து வேலை செய்கிறதா என்று தெரியும்.

அவர்களுக்கு இது சொல்லப்பட்டதா என்று நினைத்துப் பார்த்தேன். சொல்லியிருப்பேன். படிவத்தில் இருக்கிறது.

டின்னில் எண்ணினேன். இருக்க வேண்டியது இருபத்தாறு. இருபத்தாறு இருந்தது. இரண்டு புது பாட்டில்களைக் கொடுத்து, ஆளுக்குப் பதின்மூன்று மீதி, கணக்குச் சரி என்று எழுதிக்கொண்டு வந்தேன்.

மே 15

நேற்றே மேடத்திடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் இருவரையும் நீக்குவார்கள். அதனால் சொல்லவில்லை. அம்மாவிடம் மட்டும், இனிமேல் அவரவர் பாட்டில் என்று சொன்னேன். "சரி" என்றாள். அம்மா சரி என்றால் செய்ய மாட்டாள் என்று அர்த்தம்.

ஜூன் 3, திங்கள்

அலுவலகத்தில் லட்டு கொடுத்தார்கள். ஆராய்ச்சியை முன்கூட்டியே நிறுத்துகிறார்கள், நல்ல காரணத்துக்காக. இந்த ஆராய்ச்சி நடக்கும் நாலு நாட்டுக் கணக்கையும் பார்த்ததில் மருந்து வேலை செய்கிறது என்று தெளிவாகிவிட்டதாம். மருந்து சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெடும் வேகம் பாதியாகியிருக்கிறது. இதற்குமேல் ஒருவருக்கு வெற்று மாத்திரை கொடுப்பது தர்மம் இல்லை என்று டாக்டர் ரகோத்தமன் பேசினார். எங்கள் மையத்துக்கு அவர்தான் தலைவர். இனி எல்லோருக்கும் நிஜ மாத்திரை, மூன்று வருஷத்துக்கு.

பேருந்தில் வரும்போது அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் யார் வீட்டில் சாவு என்று கேட்டாள்.

ஜூன் 12, புதன்

ஐதராபாத்திலிருந்து இரண்டு பேர் தணிக்கைக்கு வந்தார்கள். சேமித்து வைத்த ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்திருக்கிறார்கள். ஓர் எண்ணுக்கு வெற்று மாத்திரை, ஆனால் ரத்தத்தில் மருந்து.

எண் 117.

பாட்டில்கள் இந்த மையத்திலேயே மாறிப் போயிருக்கின்றன என்பது அவர்கள் சந்தேகம். அப்படியென்றால் 212 பேருடைய கணக்கும் செல்லாது. மையம் மூடப்படும், யாருக்கும் மாத்திரை வராது. தமிழ் தெரிந்தவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "இந்தப் பகுதி உங்களுதுதானே?"

பெனிட்டா மேடம் என்னைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார். சொன்னேன். டின், ஊறுகாய், எல்லாம்.

மேடம் பெருமூச்சு விட்டார். கோபமே படவில்லை. "அப்பாடா. பாட்டில் மாறலை. இவங்களே மாத்திக்கிட்டாங்க. அதை அப்படியே எழுதிக் குடு ஜான்சி."

"எழுதினா அவங்களுக்கு என்ன ஆகும் மேடம்?"

"ஒண்ணும் ஆகாது. படிப்பறிவு இல்லாததால விளக்கிச் சொல்லியும் புரிஞ்சுக்கலைன்னு போடு. மனுஷத் தப்புன்னு மூடிடுவாங்க. இல்லைன்னா இருநூறு பேரு மாத்திரைக்கு நீ பதில் சொல்லு."

எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். இருநூறு பேரைக் காப்பாற்றினேன்.

ஜூன் 13

அப்படியென்றால் அம்மாவுக்கு வந்தது வெறும் மாவு. ரத்தத்தில் இருந்த மருந்து முழுக்க சித்தியின் பாட்டிலில் இருந்து போனது. சித்திக்கு வர வேண்டியதில் பாதி.

அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 17

மீன் வாங்கினேன். சாளை. அம்மாவுக்கு உப்பில்லாமல் தனியாக வைத்தேன். உப்பளத்தில் நிற்பவளுக்கு உப்பு ஆகாது.

ஜூன் 27, வியாழன்

இரண்டு கடிதங்கள் என் கையிலேயே கொடுத்து, வாசித்துக் காட்டிக் கைரேகை வாங்கி வரச் சொன்னார்கள். சித்தி வீட்டு வாசலில் இரண்டு பேரையும் உட்கார வைத்து வாசித்தேன். பங்கேற்புக்கு நன்றி. இன்றுடன் நீங்கள் ஆராய்ச்சியிலிருந்து விலக்கப்படுகிறீர்கள். தொடர் மருந்துத் திட்டத்துக்கு நீங்கள் தகுதி பெறவில்லை. மீதி மாத்திரைகளை ஒப்படைக்கவும்.

சித்தி கடிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, ஒரு வரி தாண்டிட்ட."

"இல்ல சித்தி."

"வெரல வச்சித்தான வாசிச்ச. நாலாவது வரில இருந்து வெரலு ஆறாவதுக்குப் போயிட்டு. எனக்கு எழுத்துதான் தெரியாது. எண்ணத் தெரியும். பதினேழு வருசம் கூடை எண்ணுனவ."

வாசித்தேன். "மாத்திரைகளைப் பிறருடன் பகிரக் கூடாது என்றும், சிலருக்கு மருந்தற்ற மாத்திரை வழங்கப்படும் என்றும் முறையாக விளக்கப்பட்டும், படிப்பறிவின்மை காரணமாகத் தாங்கள் விதியை மீறியதாகக் களப்பணியாளர் அறிக்கை அளித்துள்ளார்."

"களப்பணியாளருன்னா யாரு?"

"நான்தான்."

சித்தி சிரித்தாள். சிரிப்பு நன்றாக இல்லை. "படிச்ச பிள்ளைய ஜோடி போட்டுட்டோம் மைனி" என்று அம்மாவிடம் சொன்னாள். "தூக்கிவிடுதேன்னு சொல்லிட்டுக் கைய எடுத்துட்டா."

பிறகு கைநாட்டு வைக்க விரலை நீட்டினாள்.

ஜூன் 28

நேற்று எழுதாததை எழுதுகிறேன்.

ஒப்புதல் படிவம் ஒன்பது பக்கம். சரியாக வாசித்து விளக்கினால் நாற்பது நிமிடம் ஆகும். போன வருஷம் ஜூலையில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேரைச் சேர்க்கச் சொன்னார்கள். நாலாம் பக்கத்தில்தான் வெற்று மாத்திரை வருகிறது. அதை வாசித்தால் பாதிப் பேர் எழுந்து போனார்கள். "நாலாம் பக்கம் அவங்களைக் குழப்பும், சுருக்கமா சொல்லிடு" என்றார் மேடம். சுருக்கமாக என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது.

அம்மாவுக்கும் சித்திக்கும் சேர்த்து ஒரே அமர்வு. எல்லாவற்றுக்கும் ஒலிப்பதிவு உண்டு, அது விதி. அவர்களுடைய பதிவு பதினோரு நிமிடம். அலுவலகக் கணினியில் இன்னும் இருக்கிறது. தணிக்கைக்காரர்களும் அதைத் திறக்கவில்லை, பதிவு இருக்கிறதா என்று மட்டும் டிக் போட்டார்கள்.

எழுந்து போய்விடுவாளோ என்றுதான் அம்மாவுக்கு நான் வாசிக்கவில்லை. அந்த மருந்து அவளுக்கு வேண்டும் என்று நினைத்தேன். இதுவும் உண்மை. பன்னிரண்டு பேர் என்பதும் உண்மை.

ஜூலை 5, வெள்ளி

அம்மாவிடம் சொன்னேன். அவளுடைய பாட்டிலில் மருந்து இல்லை என்பதையும், நாலாம் பக்கத்தையும். சாணை பிடித்த கத்தியால் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல் கேட்டாள்.

"அப்ப நான் மைனி மருந்தத் தின்னுருக்கேன்."

"பாதி."

"பாதி தின்னாலும் தின்னதுதான். அவ வவுத்துல போக வேண்டியது." வெங்காயத்தைத் தட்டில் தள்ளினாள். "நீ அந்தக் காயிதத்த வாசிச்சிருந்தா நான் தொட்டிருப்பனாட்டி?"

மாலையில் அவள் சித்தி வீட்டுக்குப் போனாள். இரண்டு மணி நேரம் கழித்து வந்தாள். சித்தி என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"நீ கூடையத் தலைல ஏத்தும்போது நான் கைய விட்டா ஒன் கழுத்து முறியும், அப்பல்லாம் விட்டனா, இப்ப என்ன கணக்கு பேச வந்துட்டன்னு ஏசுனா. பொறவு மோர் குடுத்தா."

ஜூலை 11

பெரியாஸ்பத்திரியில் இருவருக்கும் ரத்தம் எடுத்தோம். அம்மா 2.2. சித்தி 2.9.

மாத்திரை நிறுத்தி இரண்டு வாரம். வெளியே நூற்றுநாலு டிகிரி வெயில். சித்தி இப்போதும் வேலைக்குப் போகிறாள். திருப்பூரில் இருக்கும் மகன் வரச்சொல்கிறான். "அங்க போயி பனியனத் தலைல சுமக்கவா?" என்கிறாள்.

ஜூலை 12

நேரான வழிகள் எல்லாவற்றையும் முயன்று பார்த்தேன். மேடத்திடம் கேட்டேன்: விதி. டாக்டருக்கு எழுதினேன்: பதில் இல்லை. சந்தைக்கு வரும்வரை காத்திருக்கலாமே என்றான் மருந்தகத்துப் பையன். அது வர இன்னும் இரண்டு வருஷம். சித்தியின் சிறுநீரகத்துக்கு அந்த நாட்காட்டி தெரியாது.

ஜூலை 15, திங்கள்

ஆராய்ச்சி ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். நாலாம் பக்கத்தை நான் வாசிக்கவில்லை. ஜூன் 12 அறிக்கையில் நான் எழுதியது பொய். ஒலிப்பதிவைக் கேளுங்கள். தண்டனை எனக்கு, மருந்து அவர்களுக்கு. பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒரு நகல் டாக்டர் ரகோத்தமனுக்கு, ஒரு நகல் மேடத்துக்கு.

மத்தியானம் மேடம் கூப்பிட்டார். "உனக்குப் பைத்தியமா? உன் பேரும் போகும், என் பேரும் போகும். அவங்களுக்கு அதனால ஒரு மாத்திரை வருமா?"

"அதத்தான் கேட்டு எழுதியிருக்கேன்."

அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைக்கச் சொன்னார். வைத்தேன். வியர்வை படிந்த கயிறு, ஒரு வருஷமாக என் கழுத்தில் கிடந்தது.

ஜூலை 24

தபால் சேர்ந்ததற்கான அட்டை வந்துவிட்டது. அவ்வளவுதான்.

ஜூலை 30, செவ்வாய்

சித்தி பாத்தியில் விழுந்தாள். கூடையை அம்மா தூக்கிவிட்டிருக்கிறாள், எட்டு அடி போய் முழங்கால் மடங்கிவிட்டது. உப்பெல்லாம் முகத்தில். பெரியாஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தோம், 3.8. வாந்தி நிற்கவில்லை. இன்னும் ஏறினால் டயாலிசிஸ் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்னார். அந்த மாத்திரையைப் பற்றி அவரிடம் கேட்டேன். கேள்விப்பட்டிருக்கிறார். "ரொம்பத் தாமதமாகலை. கிட்னில மிச்சம் இருக்கும்போது குடுத்தா பிரயோஜனம். மிச்சம் இருக்கு. ஆனா என்கிட்ட மருந்து இல்லையேம்மா."

மிச்சம் இருக்கு. இந்த இரண்டு வார்த்தையோடு வீட்டுக்கு வந்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

தொடர் மருந்து வழங்கும் விழா இன்று சமுதாய நலக்கூடத்தில். யாரும் எங்களை அழைக்கவில்லை. காலையில் சித்தியை ஆட்டோவில் ஏற்றினோம். கால் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. வெறுங்காலோடு வந்தாள். அம்மா அவளைப் பிடித்துக் கடைசி வரிசையில் உட்கார வைத்தாள்.

மேடையில் துணி விரித்த மேசை, வெள்ளை பாட்டில்கள், டாக்டர் ரகோத்தமன். பெனிட்டா மேடம் மைக்கில் எண்ணைக் கூப்பிட, ஆட்கள் வரிசையாகப் போய் வாங்கினார்கள். எல்லாம் தெரிந்த முகங்கள், நான் சேர்த்த முகங்கள்.

நூற்றுப் பதினாறு வாங்கிக்கொண்டு இறங்கியது. அடுத்து நூற்றுப் பத்தொன்பது என்றார்கள்.

நான் மேடைக்குக் கீழே போய் நின்றேன்.

"சார், நூத்திப் பதினேழும் நூத்திப் பதினெட்டும் வந்திருக்காங்க."

டாக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். மைக்கை விலக்கி, மரியாதையாகவே பேசினார். "உங்க கடிதம் வந்ததும்மா. கமிட்டி அடுத்த கூட்டத்துல பாக்கும். இங்க பேச வேண்டாம்."

"அடுத்த கூட்டம் எப்ப சார்?"

"தேதி முடிவாகலை."

"அவங்க கிட்னிக்குத் தேதி முடிவாயிட்டு சார். நான்தான் அவங்களுக்கு நாலாம் பக்கத்த வாசிக்கல. இங்க இருக்கவங்க பல பேருக்கும் வாசிக்கல." கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன். "பதிவு ஒங்க ஆபீஸ்ல இருக்கு. போட்டுக் காட்டுங்க."

முன்வரிசையில் இருந்த ஒரு அண்ணாச்சி பாட்டிலை மடியில் இறுக்கிக்கொண்டு சொன்னார்: "ஏ பிள்ள, உக்காரு. ஒன்னால எங்களுக்கு உள்ளதும் நின்னுரப் போவுது."

அவர் சொன்னதில் தப்பில்லை. அவருக்கு 2.6.

மேடம் மறுபடி "நூற்றுப் பத்தொன்பது" என்றார். ஓர் அக்கா என்னை உரசிக்கொண்டு மேடை ஏறினாள், என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிப் போனாள். பின்னால் திரும்பினேன். சித்தி அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள். இரண்டு பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நூற்றிருபது."

"சார், மேசைல பாட்டில் இருக்கு. ஆளு இங்க இருக்காங்க. அவங்க எண்ணக் கூப்பிடுங்க."

டாக்டர் அடுத்த பாட்டிலை எடுத்து, அதன் ஒட்டுத்தாளைக் கண்ணாடிக்குக் கிட்டே வைத்து வாசிக்க ஆரம்பித்தார்.

"நூற்று இருபத்தொண்ணு" என்றார் மேடம் மைக்கில்.

"நூத்திப் பதினேழு, நூத்திப் பதினெட்டு. கூப்பிடுங்க சார்."